எட்டு சென்டிமீட்டர்

பிப்ரவரி 12

பேஸ்மேக்கர் இருந்தும் அப்பாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஈசிஜி எடுத்துப் பார்த்தார்கள். இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகப் படபடத்துக்கொண்டிருந்தன. துடிப்பு குறைந்து போகாமல் தாங்குவதுதான் பேஸ்மேக்கரின் வேலை, இந்தப் படபடப்பை அது அடக்காது என்றார் டாக்டர். மார்பில் ஷாக் கொடுத்துத் தாளத்தைத் திருப்பலாமாம். “கருவிமேலயேவா ஷாக்கு?” என்று அம்மா அங்கேயே அழுதுவிட்டார். அன்றிரவு மகள் ஒரு நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்தாள்.

பிப்ரவரி 14

மிக்ஸி ஓடும்போது அப்பா சமையற்கட்டுப் பக்கம் வரக்கூடாது என்று அம்மா உத்தரவு போட்டிருக்கிறார்.

பிப்ரவரி 17

தூக்கம் வராமல் படித்தாள். உடலுக்குள் பதித்த முதல் பேஸ்மேக்கர் 1958 அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவருக்கு வைக்கப்பட்டது. அது சில மணி நேரமே ஓடியது. ஆனால், அடுத்தடுத்து இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு அவர் 2001 வரை வாழ்ந்தார். இதைக் காலையில் அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

நேரம் பார்த்துக் கொடுக்கும் இந்த ஷாக்கின் கதை 1960களில், பாஸ்டன் டாக்டர் பெர்னார்ட் லவுனிடம் தொடங்குகிறது. ஈசிஜியில் ஆர் அலை எழும் நேரத்தோடு சேர்த்து மின்சாரத்தைச் செலுத்தினார் அவர். அதையடுத்து வரும் டி அலையின்மேல் மின்சாரம் விழுந்தால் கீழறைகளே படபடக்கத் தொடங்கி உயிர் போகலாம். பேஸ்மேக்கர் போடும் கோட்டை ஷாக் மெஷின் ஆர் அலை என்று எடுத்துக்கொள்ளாமலும் பார்க்க வேண்டுமாம். இதை அம்மாவிடம் சொல்லவே கூடாது.

பிப்ரவரி 27

கோயில் கொடைக்கு ஊருக்குப் போன அப்பா, இரண்டு ராத்திரி மாத்திரையை விட்டிருக்கிறார். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை அது. படபடக்கும் மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம். தாளம் திரும்பியதும் அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஷாக்குக்கு முன் குறைந்தது 3 வாரம் விடாமல் போட்டிருக்க வேண்டும். டாக்டர் மறுபடி முதலிலிருந்து எண்ணச் சொல்லிவிட்டார்.

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வீடே மின்சாரத்துக்குப் பயந்துகொண்டிருந்தது. மாத்திரை அட்டையை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 9

மாத்திரை போட்டாச்சு.

மார்ச் 22

ஷாக் கொடுக்கும் நாள். பேஸ்மேக்கர் கம்பெனியிலிருந்து டெக்னீஷியன் பையன் வந்திருந்தான். கருவிக்கு மேலே தான் கொண்டுவந்த பெட்டியின் வட்டத் தலையை வைத்து, அதன் திரையில் பேட்டரி, லீடு, இதயத்தைத் துடிக்க வைக்கத் தேவைப்படும் குறைந்தபட்ச மின்னளவு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். சும்மா இருப்பாரா?

“தம்பி, வயரு உள்ள வரைக்கும் போகுதுல்லா? கரண்டு அது வழியா எறங்காதா?”

“எறங்கலாம் ஐயா. அதனாலதான் நான் வந்திருக்கேன்.”

கருவிக்குள் ஜீனர் டையோடு இருக்கிறது, கூடுதல் வோல்டேஜை அது திருப்பிவிட்டு சர்க்யூட்டைக் காக்கும் என்றான். ஆனாலும் லீடு வயரின் நுனியில் மின்சாரம் இறங்கிச் சதை வெந்துபோனால், துடிக்க வைக்கத் தேவைப்படும் அந்த மின்னளவு ஏறிவிடும். பேஸ்மேக்கர் தட்டினாலும் இதயம் துடிக்காமல் போகலாம். ஆகவே ஷாக் கொடுக்கும் பேடுகளில் ஒன்று மார்பில், ஒன்று முதுகில். கருவியிலிருந்து 8 சென்டிமீட்டராவது தள்ளி. நர்ஸ் பேடை வைக்கப்போன இடத்தை அப்பா தன் விரல்களால் அளந்து பார்த்தார். “சரி, ஒட்டும்மா” என்றார். அந்த நிமிடத்தில் அவர் நோயாளி மாதிரியே இல்லை.

கொஞ்ச நேர மயக்கம். 200 ஜூல். ஒரே ஷாக்கில் தாளம் திரும்பியது. அவளுக்கோ அதற்குப் பிறகுதான் கை நடுங்கியது. பையன் மறுபடி வட்டத் தலையை வைத்து எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டான். அந்தப் பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. மாற்றமில்லை.

மார்ச் 23

நாலு இட்லி சாப்பிட்டார். அம்மா சிரித்தார்.

ஏப்ரல் 6

அப்பா மாடிப்படியில் பாதியில் நின்றார். வெயில் என்கிறார். மேலறையிலும் ஒரு லீடு இருப்பதால் படபடப்பு திரும்பியிருந்தால் கருவியில் பதிவாகியிருக்கும்; செக்கப்புக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. முன்னாடியே போகலாமா என்று கேட்டாள். “சும்மா கெட” என்றார். மாத்திரை அட்டையை எண்ணினாள், சரியாக இருந்தது. காலையில் டாக்டருக்குப் போன் போட வேண்டும்.