இருநூறு மாட்டில் ஒரு மாடு

டைக்ளோஃபினாக். பேர் தெரியாட்டியும் மருந்து உங்களுக்குத் தெரிஞ்சதுதான். முதுகுப் பிடிப்பு, மூட்டு வலின்னு போனா இடுப்புல ஒரு ஊசி போடுவாங்களே, பெரும்பாலும் அதுதான். இன்னிக்கு திரெட் அந்த ஊசியைப் பத்தி, பாறுக் கழுகுகளைப் பத்தி, ஒரு கணக்கைப் பத்தி. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

என் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சத்தியமங்கலம் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை பார்த்த காலம். அப்போ இந்த மருந்து 30 மில்லி குப்பியில் வரும். ஆளுக்கு 3 மில்லி, ஒரு குப்பி பத்துப் பேருக்கு. இடுப்பு வலின்னு வந்த ஒரு பெரியவர் ஊசி போட்டு முடிச்சதும் கேட்டார்: "டாக்டருங்க, அந்த பாட்டில் ஒண்ணு குடுங்க. மாடு படுத்தது எந்திரிக்கவே மாட்டீங்குதுங்க."

கொடுத்தேன். கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கை இந்தியா 2006லேயே தடை செய்துவிட்டது என்பது எனக்கு அப்போ தெரியாது. எம்.பி.பி.எஸ்.ல யாரும் சொல்லித் தரல. நானும் தேடிப் படிக்கல.

அடுத்த மாசம் வந்தவரிடம் மாட்டைப் பத்தி விசாரிச்சேன். "அது ரெண்டாம் நாளே போயிருச்சுங்க. பள்ளத்துல கொண்டு போய்ப் போட்டுட்டோம்." அன்னைக்கு எனக்கு அது ஒரு மாடு செத்த சேதி, அவ்வளவுதான்.

இப்போ கழுகுக்கு வருவோம். 1980கள்ல இந்தியாவில் கோடிக்கணக்கில் பாறுகள் இருந்தன. 1990கள்ல ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் அவை கொத்துக் கொத்தாகச் சாவதை விபு பிரகாஷ் என்ற பறவை ஆய்வாளர் கவனித்தார். 1992க்கும் 2007க்கும் நடுவில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் காலி. ஆயிரத்துக்கு ஒண்ணு மிச்சம்!

முதல்ல வைரஸ்னு சந்தேகப்பட்டாங்க. பாகிஸ்தானில் லிண்ட்சே ஓக்ஸ் குழு செத்த பறவைகளை அறுத்துப் பார்த்து, 2004ல முடிவை வெளியிட்டது. சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகள் மேலெல்லாம் சுண்ணாம்பு பூசின மாதிரி யூரிக் அமிலம் படிந்திருந்தது. அப்படிச் செத்தவற்றில் சோதித்த 25 பறவைகளிலும் டைக்ளோஃபினாக் இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13ல ஒண்ணுலகூட இல்ல. வலி மாத்திரையைத் தொடர்ந்து போட்டு கிட்னியைக் கெடுத்துக்கிட்டு வர்ற பேஷண்டுகளைப் பார்த்த எந்த டாக்டருக்கும் இது சட்டுனு புரியும்.

ஆனா ஒரு நியாயமான கேள்வி மிச்சம் இருந்தது. எத்தனை மாட்டுக்கு இந்த ஊசி போடுறாங்க? அதுல எத்தனை மாடு ஊசி போட்ட ஓரிரு நாளில் சாகுது? (பிழைச்ச மாட்டின் உடம்பிலிருந்து மருந்து சில நாளில் வெளியேறிவிடும், அதனால் ஆபத்தில்லை.) இந்த அளவை வெச்சு ஒரு துணைக்கண்டத்துக் கழுகு மொத்தமும் அழியுமா?

இதைக் காட்டுக்குள்ள நின்னு எண்ணிப் பார்க்க முடியாது. அதனால ரைஸ் கிரீன் என்ற விஞ்ஞானியின் குழு அதே 2004ல ஒரு கணித மாடல் போட்டது. பெரிய சூத்திரம்னு பயப்படாதீங்க, அதோட சாரத்தை நீங்களே போடலாம். போனை எடுங்க.

பாறு மூணு நாளைக்கு ஒரு தடவை வயிறு முட்டத் தின்னும்னு வெச்சுக்குவோம். வருஷத்துக்கு 120 சாப்பாடு. இருநூறு செத்த மாட்டில் ஒண்ணுல மட்டும் விஷம். ஒரு வேளை தப்பிக்கிற வாய்ப்பு 0.995. அதை 120 தடவை பெருக்குங்க. 0.55 வரும். நூறு கழுகில் 45 ஒரே வருஷத்தில் போச்சு. பத்து வருஷம் ஓட்டினா ஆயிரத்தில் ரெண்டோ மூணோதான் மிஞ்சும். வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை இடுற பறவை, இந்த ஓட்டையை எப்படி அடைக்கும்?

அவங்க மாடல் சொன்ன விடை: 760ல் ஒரு உடலோ, 130ல் ஒரு உடலோ விஷமாக இருந்தாலே கண்ணால் பார்த்த வீழ்ச்சிக்குப் போதும். ஒரு சதவீதம்கூட வேண்டாம். பிறகு இந்தியாவில் செத்த மாடுகளின் ஈரலை எடுத்துச் சோதித்தபோது சுமார் 10 சதவீதத்தில் மருந்து இருந்தது.

நாங்க தினமும் "ஒரு பர்சென்ட்டுக்கும் கம்மிதான், பயப்படாதீங்க"ன்னு பேஷண்டுகிட்ட சொல்றோம். ஒரு தடவை போடுற மருந்துக்கு அது சரி. வருஷத்துக்கு 120 தடவை சீட்டுக் குலுக்கினா சரியில்ல.

இதைப் படிச்ச ராத்திரிதான் அந்தப் பெரியவர் ஞாபகம் வந்தார். 30 மில்லியில் 750 மில்லிகிராம். 300 கிலோ மாட்டுக்கு ஏறக்குறைய ஒரு முழு டோஸ். ரெண்டாம் நாள் செத்திருக்கு. புதைக்கல. பாறுகள் இன்னும் கூடு கட்டுற மாயாறு பள்ளத்தாக்கு அங்கிருந்து தூரமில்ல. அந்த இருநூறில் ஒண்ணு என் கையால் போனதா இருக்கலாம். அதை எந்த கழுகாவது தின்னுச்சா? எந்த மாடலும் எனக்கு அதைச் சொல்லாது.

மனுஷனுக்கு என்ன நஷ்டம்னு கேட்பீங்க. 2024ல இயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற ரெண்டு பொருளியலாளர்கள், பாறு வாழ்ந்த மாவட்டங்களையும் வாழாத மாவட்டங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. அழுகிய உடல், கெட்ட தண்ணி, பெருகின தெருநாய், ரேபிஸ். 2000 முதல் 2005 வரை கூடுதலா சுமார் 5 லட்சம் மனித மரணங்கள்னு அவங்க மதிப்பீடு. எண்ணிக்கையில் முன்னப்பின்ன இருக்கலாம். ஆனா நாய்க்கடி ஊசி போட்டுப் போட்டுக் கை சலிச்ச எனக்கு, போற திசை தப்புன்னு தோணல.

2015ல அரசு மனுஷங்களுக்கான குப்பியையும் 3 மில்லிக்கு மேல் கூடாதுன்னு கட்டுப்படுத்தியது. காரணம், என்னைப் போன்றவங்க கையிலிருந்து அது தொழுவத்துக்குப் போனதுதான். 2023ல கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் ரெண்டும் கால்நடைக்குத் தடை. அசிக்ளோஃபினாக் மாட்டுக்குள்ள போனதும் டைக்ளோஃபினாக்காவே மாறிடும், பேர்தான் வேற.

ஆடு மாடு வெச்சிருக்கிறவங்க, மெடிக்கல் ஷாப்புல மனுஷ ஊசி வாங்கிப் போடாதீங்க. கால்நடை டாக்டர்கிட்ட போங்க, மெலாக்சிகாம் தரலாமான்னு கேளுங்க. பாறுகளுக்கு அது பாதுகாப்பானதுன்னு சோதிச்சிருக்காங்க. ஊசி போட்ட மாடு ஒரு வாரத்துக்குள்ள செத்தா, ஆழமாக் குழி தோண்டிப் புதைச்சிடுங்க. பள்ளத்துல போடாதீங்க.