நிலா விழுந்த ராத்திரி

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஏகப்பட்ட ஆணி. அதான் இந்தப் பக்கம் தலை காட்ட முடியலை மக்கா.

போன வாரம் ஸ்ரீ சிட்டி கேண்டீன்ல எங்க லைன்ல வேலை பார்க்கிற ஜப்பான்காரர் ஒருத்தரோட சாப்பிட்டுட்டு இருந்தேன். முகத்தைப் பார்த்தே வீட்டுல ஏதோ பிரச்சினைன்னு கண்டுபிடிச்சுட்டார். வேறென்ன, பையன்தான். கோவில்பட்டியிலேர்ந்து பிடுங்கி இங்கே நட்டு ஒரு வருஷம் ஆச்சு. பத்தாங்கிளாஸ். ராத்திரி ஒன்பது மணியானா போன்ல கேம். போனைப் பிடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டிடறதுன்னு நானும் தங்கமணியும் முடிவு பண்ணியிருந்தோம்.

அவர் சிரிச்சுட்டு தன் கதையைச் சொன்னார். 2010 செப்டம்பர் 30-ல் ஃபைனல் ஃபேண்டஸி 14 வந்த நாள்லேர்ந்தே ஆடினவராம். படு மொக்கை கேம். ஒரு பூந்தொட்டிக்கு, ஆடற ஆளோட உருவத்துக்கு ஆகிற அத்தனை பாலிகனையும் கொட்டி இழைச்சிருந்தாங்க, கம்ப்யூட்டர் திணறிச்சு. காட்டுல ஒரே இடத்தை வெட்டி வெட்டி ஒட்டியிருந்தாங்க. வாரத்துல ரொம்ப நேரம் ஆடினா வர்ற புள்ளியைக் குறைச்சாங்க! அந்த டிசம்பர்லயே ஸ்கொயர் எனிக்ஸ் கம்பெனி நவோகி யோஷிதாங்கிறவர் கையில பொறுப்பைக் கொடுத்தது. அவர் ரெண்டு வேலையை ஒண்ணாச் செஞ்சார். பழசை ஓட்டிக்கிட்டே ஒட்டுப்போட்டார், பக்கத்துலயே புதுசைக் கட்டினார். உலகமே ஆடின வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டை ஆடிப் பார்க்கச் சொன்னாராம் டீமை. (நம்ம ஊர்ல இதைக் காப்பின்னு சொல்லுவோம். அவர் படிப்புன்னு சொன்னார்.)

2012 நவம்பர் 11-ல் பழைய கேமை மூடினப்போ, அந்தக் கதைக்குள்ளேயே ஒரு நிலா விழுந்து உலகம் அழிஞ்சது. ஜப்பான்காரர் அன்னிக்கு முழுக்க அங்கேயே நின்னாராம். 2013 ஆகஸ்ட்ல புது உலகம் வந்தப்போ அவரோட ஆள் அப்படியே உள்ளே இருந்தான். பழசுல காசு கட்டி விடாம இருந்தவங்களுக்கு மாசச் சந்தாவுல தள்ளுபடி. முடிவுல ஓடற பெயர்ப் பட்டியல்ல அவங்க பேரும் உண்டு. அதைச் சொல்லும்போது மனுஷன் கண்ணு கொஞ்சம் கலங்கின மாதிரி இருந்தது. இல்லைன்னா நம்ம கேண்டீன் ரசமாவும் இருக்கலாம்.

எனக்குக் கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சது. 2005, நியூ ஜெர்சி, ஒரு பேஸ்மென்ட் ரூம். நான் ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் ஆடிட்டு இருந்தேன். மிருகங்களைப் பிடிச்சுப் பழக்கறதுதான் அதுல என் தொழில். சண்டை போட்டு அலுத்தவங்க மதுக்கடையில நாட்டியம் பார்த்தாத்தான் அலுப்பு தீரும், அப்படியொரு ஏற்பாடு. அதனால ராத்திரியானா எல்லாரும் அங்கே கூடுவோம். எனக்கு மூணு பேர் பழக்கம். அசல் பேர் கேட்டுக்கிட்டதே இல்லை. எங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லைங்கிறது ரூம்மேட்டுக்கு முன்னாடி அவங்களுக்குத்தான் தெரியும்.

அந்த நவம்பர் 15-ல் புதுக் கூட்டத்தை இழுக்கணும்னு கேமையே மாத்திட்டாங்க. 34 தொழில் இருந்த இடத்துல 9. ஜெடை ஆக வருஷக்கணக்கா உழைச்சவங்க இருக்க, இனி யார் வேணா முதல் நாளே ஜெடை. என் தொழிலே கிடையாது. எதிர்பார்த்த கூட்டம் வரலை, இருந்தவங்களும் கலைஞ்சாங்க. 2011 டிசம்பர் 15-ல் மொத்தமா மூடினாங்க. மூடறதுக்கு முன்னாடியே ரசிகர்கள் பழைய கேமைத் தாங்களே திருப்பிக் கட்ட ஆரம்பிச்சிருந்தாங்க. நானும் போய்ப் பார்த்தேன். கடை அப்படியே இருந்தது. அந்த மூணு பேர் இல்லை.

அன்னிக்கு ராத்திரி ஒன்பதரைக்குப் பையன் ரூம் வாசல்ல நின்னேன். ஸ்கூல்ல தெலுங்கு புரியாம வாயே திறக்காதவன், எங்ககிட்ட "ம்"முக்கு மேல பேசாதவன், உள்ளே "ஏலே, அந்தப் பக்கம் போவாதல, செத்திருவ!"ன்னு கத்திட்டு இருந்தான். அந்தப் பக்கம் மூணு கோவில்பட்டிக் குரல்.

பீரோ சாவி தங்கமணி கையில இருந்தது. "என்ன?"ன்னு கண்ணாலயே கேட்டாங்க. பத்து மணி வரைக்கும்னு சொல்லிட்டேன். பத்தே காலுக்குத்தான் கதவைத் தட்டினேன்.