வேரும் ஒட்டும்

‘அசல்’ என்று நாம் வழங்கும் சொல் அறபு மொழியில் வேரைக் குறிக்கும். பழைய கைக்கடிகாரங்களைச் சேகரிப்போர் இச்சொல்லின் ஆழத்தை நன்கறிவர். டயலும் முள்ளும் கடிகாரம் செய்யப்பட்ட காலத்தைச் சேர்ந்தவையா என்பது அவர்களது முதற் கேள்வி. அக்கடிகாரத்தோடு ஒன்றாகவே ஆலையிலிருந்து வெளிவந்தவையா என்பது இரண்டாவது. முன்னது காலப் பொருத்தம், பின்னதே அசல்.

இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு 1957ஆம் ஆண்டின் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் என்று விற்கப்பட்ட கடிகாரமொன்று சான்றாகும். டயல் பழுப்பேறிய அக்கடிகாரம் 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விலைபோயிற்று. வாங்கியது ஒமேகாவின் அருங்காட்சியகமே! பெரும்பாலும் மெய்யான ஒமேகா உறுப்புகளே அதில் இருந்தனவென்றும், ஆயினும் அவை வெவ்வேறு கடிகாரங்களினின்று எடுத்துக் கூட்டப்பட்டவை என்றும் 2023இல் அந்நிறுவனமே அறிவித்தது.

பழுது நீக்குவது குற்றமன்று. மாற்றியதை மறைப்பதே குற்றம்.

எம் தந்தையார் அணிந்த கடிகாரத்தின் டயல் புள்ளி விழுந்து மங்கியுள்ளது. அதே ஆண்டைச் சேர்ந்த பளபளப்பான டயலைப் பொருத்தித் தருவதாகக் கடைக்காரர் அண்மையில் கூறினார். வேண்டாமென்றோம். அவர் நாள்தோறும் நேரம் பார்த்தது அந்த டயலில் அன்று. அறுந்த ஸ்பிரிங்கை மட்டும் மாற்றச் செய்தோம். பழையதைக் கேட்டு வாங்கி, மாற்றிய நாளையும் எழுதி உடன் வைத்துள்ளோம். பின்னால் அதனைப் பெறும் பிள்ளைகள் எது வேர், எது ஒட்டு என்பதை அறிந்துகொள்ளட்டும்.