வருஷத்துக்கு நாலு செக்

"வரி இல்லாத சம்பளம், உங்களுக்கென்ன குறை?" ஊருக்குப் போனால் யாராவது ஒருத்தர் இதைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். சம்பளத்துக்கு இங்கே வருமான வரி இல்லை என்பது உண்மைதான். 2018 ஜனவரியிலிருந்து வாங்குகிற பொருளுக்கு 5 சதவீதம் வாட் வரி உண்டு. துபாயில் வருஷ வாடகையில் 5 சதவீதத்தை வீட்டுக் கட்டணம் என்று பன்னிரண்டாகப் பிரித்து, மாசா மாசம் தேவா கரண்ட் பில்லோடு சேர்த்துவிடுவார்கள். இதெல்லாம் சமாளிக்கக்கூடியது. இங்கே குடும்பம் நடத்துகிற எங்களை மூச்சு வாங்க வைப்பது வேறொன்று. வரவுக்கும் செலவுக்கும் தேதி பொருந்தாது.

நம்ம ஊரில் வாடகை என்றால் மாசம் பிறந்ததும் வீட்டுக்காரர் கையில் கொடுப்போம். இங்கே வாடகையை வருஷத்துக்குத்தான் பேசுவார்கள். அதை ஒரே செக்கா, இரண்டா, நாலா, ஆறா என்று பேரம் பேசி, ஒப்பந்தம் போடும் அன்றைக்கே எல்லா செக்கையும் தேதி போட்டுக் கொடுத்துவிட வேண்டும். செக் எண்ணிக்கை குறையக் குறைய வாடகையும் கொஞ்சம் குறையும். மாசச் சம்பளக்காரருக்கு அந்தச் சலுகை எட்டாத கனி.

நாங்கள் இருப்பது அல் குஸைஸில், ஒரு படுக்கையறை வீடு. எங்க வீட்டுக்காரருக்கு ஜெபல் அலி பக்கம் வேலை. கார் வைத்துக்கொள்ளவில்லை. பச்சை லைனில் ஏறி யூனியனில் மாறி சிவப்பு லைனில் போவார். வீடு திரும்ப எட்டு மணி ஆகும். மகள் எட்டாவது, மகன் நாலாவது. சம்பளம் 13,000 திர்ஹாம். ஊரிலிருப்பவர்கள் இதை 23ஆல் பெருக்கிப் பார்த்து, மாசம் மூன்று லட்சம் என்பார்கள். அந்தப் பெருக்கல் கணக்கு ஊரில் செலவழிக்கிறவர்களுக்குத்தான் சரி. எங்கள் வாடகையும் பள்ளிக் கட்டணமும் திர்ஹாமில் அல்லவா இருக்கிறது?

கணக்கை அப்படியே எழுதுகிறேன். தொகை வீட்டுக்கு வீடு மாறும், கணக்கு போடுகிற விதம் யாருக்காவது உதவும்.

மாசா மாசம் போகிற செலவு முதலில். மளிகை, காய்கறி, மீன் எல்லாம் சேர்த்து 1,800. தேவா பில் குளிர்காலத்தில் குறைவு, ஏசி ஓடும் கோடையில் இரட்டிப்பு. சராசரி போட்டால் 580. இன்டர்நெட், போன் 450. மெட்ரோ மாதப் பாஸ் எல்லா மண்டலத்துக்கும் 350. ஊரில் மாமனார் மாமியாருக்கு 1,500. மொத்தம் 4,680. சம்பளத்தில் இது போக 8,320 திர்ஹாம் கையில் நிற்கிறது.

அக்டோபரில் பாருங்கள், எங்களுக்கு வாடகைச் செக் இல்லை, பள்ளிக் கட்டணம் இல்லை, டிக்கெட் இல்லை. வங்கி ஆப்பைத் திறந்தால் 8,320 சிரித்துக்கொண்டு நிற்கும். சரியாக அந்த நேரத்தில்தான் தீபாவளி வரும், நகைக்கடையில் செய்கூலி தள்ளுபடி வரும், போன்கடை மெசேஜ் வரும். அக்டோபரில் துபாயில் எல்லாருமே பணக்காரர்கள்தான்.

இப்போது வருஷத்துக்குச் சில தடவை மட்டும் வருகிற செலவு. வாடகை 52,800: ஆகஸ்ட், நவம்பர், பிப்ரவரி, மே என்று நாலு செக், ஒவ்வொன்றும் 13,200. பிள்ளைகள் இருவருக்கும் இந்தியப் பள்ளியில் கட்டணம், பஸ், புத்தகம், யூனிஃபார்ம் எல்லாம் 26,000. இதில் பெரிய பங்கு ஏப்ரலில் புது வகுப்பு தொடங்கும்போதே போய்விடும். ஜூலையில் நாலு பேருக்கும் திருச்சி டிக்கெட் 6,400. எனக்கும் பிள்ளைகளுக்கும் விசாப் புதுப்பிப்பு, காப்பீடு என்று சராசரியாக 4,000. துபாயில் குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடு கூட்டிவந்தவர் பொறுப்பு. ஆகக் கூட்டினால் 89,200. பன்னிரண்டால் வகுத்தால் மாசம் 7,433.

அந்த 8,320ல் இதைக் கழித்துப் பாருங்கள். எங்களுடைய உண்மையான மிச்சம் மாசம் 880 சொச்சம். வருஷத்துக்கு 10,600. துணிமணி, பல் டாக்டர், யாருக்காவது மொய், வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு பிரியாணி, எல்லாம் இதற்குள்தான்.

எங்க தாத்தாவுக்கு மன்னார்குடி பக்கம் கொஞ்சம் நிலம். குறுவை அறுப்பு, தாளடி அறுப்பு என்று வருஷத்துக்கு இரண்டு தடவைதான் அவருக்கு வரவு, செலவு தினமும். அதனால் அப்பாயி நெல்லைக் குதிரில் கொட்டி, அளந்து அளந்து எடுப்பார். விதைநெல் தனியாக இருக்கும். வீட்டில் எவ்வளவு முடை வந்தாலும் விதைநெல்லில் கை வைக்க மாட்டார். எங்களுக்கு எல்லாம் தலைகீழ். வரவு மாசா மாசம், செலவு வருஷத்துக்கு நாலு தடவை. ஆனால் பாடம் அதேதான். சம்பளம் விழுந்த அன்றே 7,450 திர்ஹாம் வேறொரு கணக்குக்குப் போய்விடும். அதற்கு ஏடிஎம் கார்டு வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. அதுதான் எங்கள் விதைநெல்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? செக் திரும்பினால் என்ன ஆகும் என்று இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். முன்பு போலீஸ் வழக்கு, ஜெயில் வரை போகும். 2022 ஜனவரியில் சட்டம் மாறியது. கணக்கில் பணம் போதாமல் திரும்பும் செக்கைப் பொதுவாக இப்போது குற்ற வழக்காக எடுப்பதில்லை. ஆனால் செக் வைத்திருப்பவர் நேரடியாக நீதிமன்ற நிறைவேற்றுப் பிரிவுக்குப் போகலாம். பயணத் தடை வரை வரலாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வருகிற அன்று விமான நிலையத்தில் நிறுத்தப்பட்டால் எப்படி இருக்கும்?

இந்தக் கணக்கை எங்களுக்குக் கலைத்துப் போட்டது 2025 ஏப்ரலில் வந்த ஒரு மெயில். அதுவரை வாடகை 48,000. ஆகஸ்டில் புதுப்பிக்கும்போது 20 சதவீதம் கூட்டி 57,600 ஆக்குகிறோம் என்று கட்டிடத்தின் ஏஜென்ட் எழுதியிருந்தார். இந்த மாதிரி நேரத்தில் பயந்து கையெழுத்துப் போட வேண்டாம். துபாயில் வாடகையை இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது. 2013ஆம் ஆண்டின் 43ஆம் எண் ஆணை இருக்கிறது. உங்கள் வாடகை சந்தை வாடகையைவிட 10 சதவீதம் வரை குறைவாக இருந்தால் ஏற்றவே கூடாது. 11லிருந்து 20 வரை குறைவென்றால் 5 சதவீதம் ஏற்றலாம், 21லிருந்து 30 என்றால் 10, 31லிருந்து 40 என்றால் 15, அதற்கும் மேல் போனால்தான் 20. மாற்றம் எதுவானாலும் ஒப்பந்தம் முடிவதற்கு 90 நாள் முன்பே சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் நிலத்துறை கட்டிடம் கட்டிடமாகத் தரம் பார்க்கும் புதிய ஸ்மார்ட் வாடகைக் குறியீட்டையும் கொண்டுவந்தது. எங்கள் வீட்டு விவரத்தைப் போட்டுப் பார்த்தால் 10 சதவீதம் என்று வந்தது. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து மரியாதையாக ஒரு பதில் அனுப்பினோம். 52,800ல் முடிந்தது. ஷார்ஜாவில் இருப்பவர்களுக்கு வேறு சட்டம். அங்கே முதல் மூன்று வருஷம் வாடகை ஏற்றக் கூடாது.

4,800 திர்ஹாம் மிச்சமானாலும் கூடுதலாக 4,800 போகத்தானே செய்கிறது? அன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கின பிறகு இவர் மெதுவாகக் கேட்டார்.

"நீயும் பிள்ளைங்களும் திருச்சிக்குப் போயிடுறீங்களா?"

வளைகுடாவில் இருக்கிற எந்தக் குடும்பத்துக்கும் இந்தக் கேள்வி புதுசு இல்லை. வாடகை ஏறினால், கம்பெனி ஆட்டம் கண்டால், பிள்ளை பெரிய வகுப்புக்குப் போனால் முதலில் எடுக்கிற கத்தரி இதுதான். எனக்கு அழுகை வந்தது. ஆனால், "சரிங்க, கணக்கு போட்டுப் பார்த்துடலாம்" என்றேன்.

போட்டோம். அவருக்குப் பெட் ஸ்பேஸ் 1,000, மெஸ் சாப்பாடு 500, மெட்ரோ 350, போன் 200, வருஷத்துக்கு 24,600. இரண்டு தடவை ஊருக்கு வந்துபோக 3,200. பெரியவங்களுக்கு அனுப்புகிற 18,000 அப்படியே. திருச்சியில் வாடகை, வீட்டுச் செலவு, பள்ளி, வேன் என்று மாசம் 52,000 ரூபாய். 23 ரூபாய் ரேட்டில் அது வருஷத்துக்கு ஏறத்தாழ 27,000 திர்ஹாம். மொத்தம் 73,000க்குள் அடங்கிவிடுகிறது. இங்கே எங்களுக்கு ஆவது 1,45,400. வித்தியாசம் சுமார் 72,500 திர்ஹாம், பதினாறரை லட்சம் ரூபாய்.

"ரெண்டு வீட்டுச் செலவு வந்துடும், பெரிசா ஒண்ணும் மிஞ்சாது" என்று நாங்கள் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். எங்கள் கணக்கில் அப்படி வரவில்லை. மிஞ்சுகிறது, நிறையவே மிஞ்சுகிறது.

இவரோடு வேலை செய்கிற அண்ணன் ஒருவர் பதினோரு வருஷமாகப் பெட் ஸ்பேஸில் இருக்கிறார். ஊரில் வீடு கட்டினார், தங்கைக்குக் கல்யாணம் செய்தார், மகளை இன்ஜினியரிங் சேர்த்தார். பிள்ளைகளின் ஃபீஸ் தேதி எல்லாம் அவருக்கு மனப்பாடம். லீவுக்குப் போகுமுன் செருப்பு வாங்க வேண்டும் என்றால், பிள்ளைகள் பேப்பரில் காலை வைத்து வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அதை அளந்து வாங்குவார். அவர் எடுத்த முடிவு தப்பு என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அந்தப் பணத்தில் ஒரு குடும்பமே நிமிர்ந்திருக்கிறது. ஆனால் நாங்கள் கொடுக்கிற 72,500 எதற்கு என்று எனக்குப் புரிந்தது அவரைப் பார்த்துத்தான். எட்டு மணிக்கு அப்பா வந்ததும் நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதற்கு. அது செலவுதான். ஆடம்பரம் இல்லை, ஆனால் செலவு.

செலவு என்று ஒத்துக்கொண்டதும் பேச்சு சுலபமாகிவிட்டது. எந்தச் செலவுக்கும் கேட்கிற கேள்விகளை இதற்கும் கேட்டோம். எத்தனை வருஷத்துக்கு? இதற்காக எதை விடுவது? ஆபத்து வந்தால் என்ன செய்வது?

மகள் 2028ல் பத்தாவது முடிக்கும்வரை என்று முதல் கேள்விக்குப் பதில். இங்கே விசா வேலையோடு கட்டப்பட்டது. எப்படியும் ஒருநாள் எல்லாரும் திரும்பத்தான் போகிறோம். தேதி இல்லாமல் "பார்க்கலாம்" என்று இருப்பதுதான் ஆளைத் தின்கிறது.

விட்டவை சின்னச் சின்னவை. இனி ஊருக்கு டிக்கெட் மார்ச்சிலேயே போடுகிறோம், ஊருக்குப் போகும் பெட்டியில் சாக்லேட், தைலம், சோப்பு பாதியாகிவிட்டது. அதைவிட உதவியது வரவைக் கூட்டினது. நான் பி.எஸ்ஸி. கணக்கு. வீட்டில் ட்யூஷன் எடுக்க இங்கே அனுமதி வேண்டும். தனியார் ஆசிரியர் அனுமதி என்று 2023 டிசம்பரில் அரசு கொண்டுவந்தது. வேலையில் இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம். கட்டணம் கிடையாது, இரண்டு வருஷம் செல்லும். வாங்கினேன். பள்ளி நடக்கிற பத்து மாசமும் 1,200 வருகிறது. 10,600 என்ற மிச்சம் 22,600 ஆகிவிட்டது.

மூன்றாவது கேள்விக்காக ஒரு தொகை ஒதுக்குகிறோம். ஒரு வாடகைச் செக், மூன்று மாச வீட்டுச் செலவு, நாலு பேருக்குத் திரும்பும் டிக்கெட். எங்களுக்கு இது 30,000 வரும். அது நிறையும்வரை வேறு எதுவும் வாங்குவதில்லை. வேலை விட்டுப் போகும்போது கிராஜுவிட்டி வரும். முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். ஆனால் அதை ஊருக்குப் போனபின் வாழ்வதற்கு என்று விட்டுவிட்டோம்; இங்கே அதை நம்பிச் செக் எழுதக் கூடாது.

இன்னொன்று. ரூபாய் விழுந்தால் எக்ஸ்சேஞ்ச் வாசலில் கூட்டம் கூடும். 2008 தொடக்கத்தில் திர்ஹாம் 11 ரூபாய்கூட இல்லை. 2013 ஆகஸ்டில் 18ஐத் தாண்டியது. இப்போது 23ஐயும் தாண்டிவிட்டது. திர்ஹாம் 1997லிருந்து ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது. அதனால் ரூபாய் எவ்வளவு விழுந்தாலும் நம் கையில் ஒரு திர்ஹாம்கூடக் கூடுவதில்லை. ரேட் நன்றாக இருக்கிறதே என்று கிரெடிட் கார்டில் எடுத்து அனுப்புகிறவர்களைப் பார்க்கிறேன். ஊரில் கூடினது இங்கே வட்டியாகக் கழிந்துவிடும்.

உங்கள் வீட்டில் இந்தக் கேள்வி இன்னும் வரவில்லை என்றால், வருவதற்கு முன்பே ஒரு காகிதத்தை எடுத்து, பன்னிரண்டு மாசத்தையும் வரிசையாக எழுதி, எந்த மாசத்தில் எது பெரிதாக வருகிறது என்று கணவன் மனைவி இருவரும் சேர்ந்து நிரப்பிப் பாருங்கள். கடைசியில் ஒரு வரி, சேர்ந்திருப்பதற்கு ஆகும் தொகை என்று. அந்தத் தொகையைப் பார்த்தபிறகு நீங்கள் இங்கேயே இருக்கலாம், ஊருக்கும் போகலாம். எதுவானாலும் வாடகை ஏறின ராத்திரியில், பயத்தில் எடுத்த முடிவாக அது இருக்காது.