ஊதா மலையில் ஒரு பகல்

நூல்களில் நான்கிங் எனப் பயின்ற நான்ஜிங் நகருக்கு எம் பழைய ஆசிரியர் ஒருவருடன் யாங்கள் மூவர் சென்றிருந்தகாலை, நகரின் கிழக்கே விளங்கும் ஊதா மலையைக் காணும் பேறு வாய்த்தது. 448 மீட்டர் உயரமே உடையதாயினும், மரஞ்செறிந்த அம்மலை பெருநகரின் ஓரத்தே ஒரு சோலையென நிற்கின்றது. முடியில் ஊதா நிற ஒளி தவழ்வதாற் பெயர் வந்ததென்பர். யாங்கள் சென்ற நாளிலோ அது பச்சையாகவே இருந்தது!

முதற்கண், 1398-இல் மறைந்த மிங் மரபின் முதல் வேந்தரது கல்லறைக்குச் செல்லும் வழியிற் புகுந்தோம். சிங்கம், ஒட்டகம், யானை, குதிரை, கற்பனை விலங்குகள் இருவகை ஆக 24 கல்லுருவங்கள் இருமருங்கும் உள்ளன. ஒவ்வொரு வகையிலும் இரண்டு நின்றும் இரண்டு மண்டியிட்டும் இருக்கின்றன. மண்டியிட்ட யானையருகே ஆசிரியர் நெடுநேரம் நின்றார். அவர்தம் முழங்கால் நோவை யாங்கள் அப்போதே உணர்ந்திருத்தல் வேண்டும்.

அங்கிருந்து கிழக்கே சுன் யாட் சென் அவர்களின் நினைவாலயம். 1925-இல் பீக்கிங்கில் மறைந்த அவருடல் 1929 ஜூன் முதல் நாள் இங்கு அடக்கஞ் செய்யப்பெற்றது. ஆலயத்தை வகுத்த சிற்பி லூ யன்ஜி, 35 வயது நிரம்புமுன், அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில் இறந்தார். அச்சடங்கைக் காணும் பேறு அவருக்கில்லை.

படிகள் 392. பாதி வழியில் ஆசிரியர் அமர்ந்துவிட்டார். "தம்பிகளே, நீங்கள் போய் வாருங்கள், நான் இங்கேயே இருப்பேன்" என்றார். யாங்களும் இளமை மிடுக்கில் ஏறிவிட்டோம். நீல ஓடு வேய்ந்த மண்டபத்தில், ரியோ நகர மலையுச்சியின் இயேசு சிலையைச் செதுக்கிய லாண்டோவ்ஸ்கியே வடித்த பளிங்குச் சிலையைக் கண்டு மகிழ்ந்து, வெளிப்போந்து கீழே நோக்கினோம். ஆசிரியரைக் காணோம்! படிகளையே காணோம், இடையிடையேயுள்ள தளங்கள் மட்டுமே ஒன்றன்கீழ் ஒன்றாகத் தோன்றின. நெஞ்சு பதைபதைக்க ஓடி இறங்கினோம்.

விட்ட இடத்திலேயே வீற்றிருந்தார். மேலிருந்து நோக்குவார்க்குப் படிகள் மறையுமாறும், கீழிருந்து நோக்குவார்க்குத் தளங்கள் மறையுமாறும் சிற்பி அமைத்த விரகு அதுவெனப் பின்னரே அறிந்தோம்.

"ஐயா, தங்களைக் காணாது அஞ்சிவிட்டோம்" என்றோம்.

"அப்படியா? நீங்கள் ஏறியதெல்லாம் எனக்கு இங்கிருந்து நன்றாய்த் தெரிந்ததே" என்று கூறி, எழுவதற்குக் கையை நீட்டினார்.