டயருக்குள் ஒரு டார்ச் லைட்

சேலத்தில் பஸ் ஏறி சீலநாயக்கன்பட்டியைத் தாண்டிவிட்டால் மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் என்று கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர் நேர் ரோடு. இடது பக்கம் கொல்லிமலை கூடவே வரும். ஊருக்குள் நுழையும்போதே லாரிப் பட்டறைகள் 'டங் டங்' என்று வரவேற்கும்.

நாமக்கல்லுக்கு வெளியூர்க்காரர்கள் மூன்று காரியத்துக்காக வருவார்கள். 18 அடி ஆஞ்சநேயரைக் கும்பிட, லாரிக்கு பாடி கட்ட, பிள்ளையை ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் தள்ள. நான் போனது நாலாவது காரியத்துக்கு. கொசுப்புழு பார்க்க!

என் அக்கா மகன் சுகாதார ஆய்வாளர் பயிற்சியில் இருக்கிறான். ப்ளஸ் டூவுக்கு மேல் இரண்டு வருடப் படிப்பு. 'பையன் இன்ஸ்பெக்டருக்குப் படிக்கிறான்' என்று அக்கா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். தெருவும் ஜீப், தொப்பி, லத்தி என்று கற்பனை செய்துகொண்டது. ஆரம்ப சுகாதார நிலையத்து வாசலில் நான் பார்த்த இன்ஸ்பெக்டர் கையில் இருந்தவை: ஒரு டார்ச், ஒரு வெள்ளைக் கிண்ணம், ஒரு இங்க் ஃபில்லர்.

"வாங்க மாமா. செருப்பு போட்டிருக்கீங்களா? ஷூவா இருந்தா நல்லது" என்றான்.

சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசாங்கக் கணக்கு. அந்த முப்பதாயிரம் பேரின் குடிதண்ணீர், குப்பை, காய்ச்சல், கொசு எல்லாம் சுகாதார ஆய்வாளர்களின் தலையில். இதை வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். வேலையைச் சொல்லித் தருவது என்னவோ தெருதான். முன்னால் ரிடையர்மென்ட்டை நெருங்கிய சீனியர், பின்னால் நம்ம பையன். சைக்கிள் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவன் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தே தொழில் பழகுவான் இல்லையா, அதே வித்தை.

முதல் பாடம், படி ஏறுவது. சிரிக்காதீர்கள். கிராம சுகாதார செவிலியர் போனால் "வாங்க சிஸ்டர்" என்று அடுப்படி வரை வழி விடுகிறார்கள். மத்தியானம், வீட்டில் பெண்கள் மட்டும், வாசலில் இருபது வயது ஆண்பிள்ளை, கையில் டார்ச்! "யாருங்க? வீட்ல ஆள் இல்லீங்க" என்று கதவு சாத்தப்படுகிறது. சீனியர் மட்டும் உள்ளே போய்விடுகிறார். கொசு என்ற பேச்சையே அவர் எடுப்பதில்லை.

"தாகமா இருக்குதுங்கம்மா, ஒரு சொம்பு தண்ணி கொடுங்க."

தண்ணீர் வருகிறது. குடிக்கிறார். "எந்தத் தொட்டித் தண்ணிங்க இது?" என்கிறார். அந்தம்மாவே தொட்டியைக் காட்ட, ஃபில்லரால் உறிஞ்சி வெள்ளைக் கிண்ணத்தில் விடுகிறார். நாலு புழு நெளிகின்றன. அந்தம்மா முகத்தைப் பார்க்கணுமே! பிரசங்கமே வேண்டியிருக்கவில்லை. அப்போதே தொட்டியைக் கவிழ்த்து உட்புறத்தைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

தேய்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டிச் சுவரில் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். மறுபடி நனைந்தால் பொரியும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள். அதனால்தான் வாரம் தவறாமல் ஒரே தெரு, ஒரே தொட்டி. ஆட்டுக்கல், கொட்டாங்குச்சி, பிரிட்ஜுக்குப் பின்னால் நாம் ஜென்மத்தில் பார்க்காத தட்டு... எல்லாம் லிஸ்டில் உண்டு.

இது விளையாட்டில்லை. தமிழ்நாட்டில் அரசுக் கணக்குப்படி டெங்குவுக்கு 2012ல் 66 பேரும் 2017ல் 65 பேரும் பலியானார்கள். காய்ச்சல் இறங்கியதும் 'சரியாப் போச்சு' என்று நிம்மதியாகும் நேரம்தான் இந்த நோயில் ஆபத்தான கட்டம் என்று சீனியர் சொன்னார். டாக்டர்கள் சொல்வதும் அதுதான்.

இரண்டாவது பாடம் ரிஜிஸ்டர். கதவுக்குப் பின்னால் ஒட்டிய தாளில் தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். எத்தனை வீடு பார்த்தாய், எத்தனையில் புழு என்று நோட்டில் ஏற்ற வேண்டும். நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் புழு இருக்கிறது என்பதற்கு பிரெட்டோ குறியீடு என்று பெயர். மருந்தும் ஆளும் எந்தத் தெருவுக்குப் போவது என்பதை இந்த எண்கள்தான் முடிவு செய்கின்றன. வெயிலில் சுற்றாமல் புளியமரத்தடியில் உட்கார்ந்தே நாற்பது வீட்டுக்குப் 'பூஜ்யம்' போட்டுவிடலாம்தான். யாருக்குத் தெரியும்? மூன்றாவது வாரம் அந்தத் தெருவில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வரும்போது தெரியும்.

(நம்ம ஆபீஸ் ரிஜிஸ்டர்களை நினைத்துக்கொண்டேன். வேண்டாம், விடுங்கள்.)

சாயங்காலம் லாரிப் பட்டறைப் பக்கம் போனோம். பழைய டயர்கள் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தன. மழைத் தண்ணீர் எப்படிச் சாய்த்தாலும் டயரை விட்டுப் போகாது. உள்ளே இருட்டு, குளுமை. கொசுவுக்கு ஏ.சி. ரூம்! 1985ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் அதுவரை அங்கே வேரூன்றாத ஆசியப் புலிக் கொசுவைக் கண்டுபிடித்தார்கள். ஜப்பானிலிருந்து கப்பலில் போன பழைய டயர்களில் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்திருக்கும் என்று முடிவு கட்டினார்கள். லாரி நகரத்துக்கு இந்தக் கதை நன்றாகவே புரியும்.

"மழை பேஞ்சா டயர் நனையத்தானுங்க செய்யும்?" என்றார் பட்டறைக்காரர்.

"நனையட்டுங்க. மேல ஒரு தார்ப்பாய் போட்டுட்டா நிக்காதுல்லங்க?" என்றான் பையன். காலையில் சாத்திய கதவுக்கு முன்னால் திருதிருவென்று விழித்தவனா இவன்?

சீனியர் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"எத்தனை டயர் தம்பி?"

"நாப்பது சார். மூணுல புழு."

"அடி வரிசை?"

"அது... எட்டலை சார்."

"அப்ப நாப்பதுன்னு எழுதாதே."

பையன் ஒன்றும் பேசவில்லை. பேனாவைச் சட்டைப் பையில் செருகினான். மேல் டயர்களை ஒவ்வொன்றாக இறக்கினான். கை, சட்டை, முகமெல்லாம் கரி. பட்டறைப் பையன்கள் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு வந்து கை கொடுத்தார்கள். "மாமா, டார்ச்சைப் பிடிங்க" என்றான். மண்டி போட்டுப் பிடித்தேன்.

அடி வரிசையில் ஏழு டயர். ஐந்தில் நெளிந்தது.