ஊதாக் கோடு

ராமநாதபுரத்தில் செயற்கைக் கால் முகாம் நடந்த கல்யாண மண்டபத்தில், பந்தி பரிமாறும் இடம் பட்டறையாகியிருந்தது. தரையெங்கும் மாவுக்கட்டின் வெள்ளைத் தூசி. மதுரையிலிருந்து வேனில் அடுப்போடு வந்திருந்த மூன்று தொழிலாளிகளும் முதல் நாள் இரவே வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

பெஞ்சில் பாம்பன் பக்கத்து மீனவர் ஒருவர். பல வருடச் சர்க்கரை. பாதம் மரத்துப்போயிருந்ததால் கரையில் சிப்பி கிழித்தது தெரியவில்லை. புண் அழுகி, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மிச்சக் காலில் பனியன் துணி உறையை மாட்டி, அழியாப் பென்சிலை நனைத்துக் கோடு போட்டார் மூத்த தொழிலாளி. முட்டிச் சில்லுக்குக் கீழ்ப்பகுதி, வெளிப்பக்க எலும்பின் தலை, எலும்பு முடியும் நுனி. மேலே மாவுக்கட்டுத் துணியைச் சுற்றி, இரண்டு கட்டைவிரல்களையும் சில்லுக்குக் கீழே அழுத்தி, இறுகும்வரை அசையாமல் பிடித்திருந்தார். கழற்றியபோது கூட்டின் உட்புறத்தில் ஊதாக் கோடுகள் பதிந்திருந்தன. அதற்குள் மாவைக் கரைத்து ஊற்றி எடுத்த வெள்ளைக் கட்டையிலும் அதே கோடுகள்.

"இனிமேத்தான் சார் வேலையே இருக்கு" என்று அரத்தை எடுத்தார்.

கோட்டைப் பார்த்து, சில்லுக்குக் கீழே ராவிக் குழிக்கிறார். எலும்புத் தலை வரும் இடத்தில் மாவு பூசி மேடாக்குகிறார். ராவிய இடத்தில் சாக்கெட், அதாவது மிச்சக் கால் உட்காரும் கிண்ணம், காலை அழுத்தித் தாங்கும்; பூசிய இடத்தில் எலும்பைத் தொடாமல் விலகி நிற்கும். ராவுவதும், கண்ணை மூடி உள்ளங்கையால் தடவிப் பார்ப்பதும், மறுபடி ராவுவதுமாக அரை மணி நேரம் போனது. பிறகு, சூட்டில் இளகிய பாலிஎத்திலீன் குழாயைக் காலுறை மாட்டுவதுபோல் அந்தக் கட்டையின் மேல் இழுத்துவிட்டார்கள். ஒரு நூல் பிசகினாலும் சாக்கெட் காலைக் கடிக்கும். சர்க்கரைக்காரருக்கு அந்தக் கடி உறைக்காது. அதனால் தினமும் ராத்திரி காலைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, கண்ணாடி வைத்து அடிப்பக்கம் சிவந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். "மணல் உள்ள போயிராமப் பாத்துக்கங்கண்ணே. உப்புத்தண்ணி பட்டா நல்ல தண்ணியில கழுவிடணும், திருகாணி துருப்பிடிக்கும்."

பொருத்துவது ஜெய்ப்பூர் பாதம். 1968இல் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது. அதுவரை கிடைத்த வெளிநாட்டுப் பாதம் ஷூவுக்குள் இருந்தால்தான் உழைக்கும். அதை வைத்துக்கொண்டு குத்த வைக்க முடியாது. ரப்பரை அச்சில் வேகவைத்துச் செய்த இந்தப் பாதத்தோடு வெறுங்காலில் நடக்கலாம், சம்மணம் போடலாம். ராமேஸ்வரத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் கேட்ட முதல் கேள்வியே கோயில் பிரகாரத்தில் நடக்கலாமா என்பதுதான். செருப்பைக் கழற்றும் ஊர்களுக்காகவே யோசித்த கால் இது. கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் கண்ணிவெடிக்குக் காலைக் கொடுத்தவர்களும் இதை மாட்டித்தான் வயலுக்குப் போனார்கள். இங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் சர்க்கரைக்கும் சாலைக்கும் காலைக் கொடுத்தவர்கள்.

மதியத்துக்கு மேல் உச்சிப்புளியிலிருந்து ஏழு வயதுப் பெண் குழந்தை அப்பத்தாவோடு வந்தது. போன வருடம் மாட்டிய கால் குட்டையாகிவிட்டது. தொழிலாளி பின்னால் மண்டியிட்டு இரண்டு இடுப்பெலும்பிலும் கை வைத்தார். செயற்கைப் பாதத்தின் கீழே மெல்லிய பலகை ஒன்றைச் செருகினார். இடுப்பு இன்னும் சாய்ந்தே இருந்தது. இரண்டாவது. மூன்றாவது வைத்ததும் இரண்டு கையும் ஒரே மட்டத்துக்கு வந்தன.

"மூணு பலகை வளந்திருச்சு ஆத்தா."

அப்பத்தா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை, துண்டித்த நுனியை விரலால் தடவிக்கொண்டிருந்தார். எலும்பை நடுவில் வெட்டிய குழந்தைகளுக்கு அந்த நுனி வளர்ந்துகொண்டே போகலாம். கூராகித் தோலைக் குத்தலாம். சில சமயம் மறுபடி அறுவை செய்ய வேண்டி வரும். வளரும் வயதில் ஏறக்குறைய வருடம் ஒரு கால் மாற்ற வேண்டும். முகாமோ வரும்போதுதான் வரும். கால் கொடுத்ததாகப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவது இந்தக் குழந்தைக்கு உதவாது. அவள் இடுப்பை வருடாவருடம் தொட்டுப் பார்க்க அவளூர்ப் பக்கத்திலேயே ஒரு கை வேண்டும்.

"அடுத்து எப்ப வருவீக?" என்றாள் அப்பத்தா.

அவர் பதில் சொல்லவில்லை. மருந்துச் சீட்டை வாங்கித் திருப்பி, அழியாப் பென்சிலை நாக்கில் நனைத்து, தன் போன் நம்பரை ஒவ்வொரு எண்ணாக எழுதினார்.